கடைசியாக வருகிறவன்

அத்தியாயம் 7

பாறைக்குழித் தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. முந்தின நாள் சாயங்காலம் அதிலிருந்துதான் செல்லையனைத் தூக்கி எடுத்தார்கள். கரையில் வேலி இல்லை, எச்சரிக்கைப் பலகையும் இல்லை. கல்லை எல்லாம் வெட்டி விற்றவர்கள் குழியை மட்டும் ஊருக்கு விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

சிபி எட்டிப் பார்த்துவிட்டு இரண்டு எட்டு பின்னால் வந்தான். அவனுக்கு நீச்சல் தெரியாது. தன் தொப்பைக்கு நீச்சல் எதற்கு, தானே மிதக்கும் என்று எல்லாரிடமும் சொல்லித் திரிவான். இன்றைக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. செத்தவரின் மகள் ஜோஸ்னா மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

ஜெயபாய் குடையை ஊன்றிக்கொண்டு வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருஷம் போலீசில் இருந்து ஏட்டம்மாவாக ஓய்வு பெற்று, பாறசாலையில் ஒரு மொபைல் கடைக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறவர். சிபி அந்த ஆபீசின் டிரைவர், குமாஸ்தா, ஏச்சு வாங்குகிற ஆள் எல்லாம். அதற்கு முன்னால் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அங்கே வாங்கின ஏச்சுக்கு இது பரவாயில்லை என்பது அவன் கட்சி.

கேஸ் காலை ஆறு மணிக்கு வந்தது. பின்சி என்ற சின்னப்பெண் கைக்குழந்தையோடு மாடிப்படி ஏறி வந்து அழுதாள். அவள் புருஷன் நிஜின் ஒரு சைக்கிள் சுற்றுலாக் கம்பெனியில் வழிகாட்டி. கோவளத்தில் கிளம்பி, நெய்யாற்றின்கரையில் தங்கி, பனச்சமூடு வழியாக எல்லை தாண்டித் திற்பரப்பு அருவி, அங்கிருந்து கன்னியாகுமரி என்று நாலு நாள் பயணம். விருந்தினர் பத்துப் பேர். அதில் ஒருவரைக் குழிக்குள் தள்ளிக் கொன்றதாக நிஜினை நேற்று ராத்திரி பிடித்துப் போயிருந்தார்கள். இன்று மாலைக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டால் கொலைக் கேஸ்தான், உள்ளே போனவன் எப்போது வருவான் என்று யாராலும் சொல்ல முடியாது. அவனோ பிடித்த நேரத்திலிருந்து வாயைத் திறக்கவில்லை.

"நீங்க அவன் பொஞ்சாதிக்க ஆளுன்னு தெரிஞ்சுதான் நான் வந்தேன்," என்றாள் ஜோஸ்னா. குவைத்தில் நர்ஸ், லீவுக்கு வந்தவள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு இந்தப் பயணத்துக்குப் பேர் கொடுத்ததே அவள்தான். "அவளுக்காக இல்ல. எனக்கு அறியணும், அதுக்காக்கும்."

"சொல்லு மக்கா. அப்பா எங்க நின்னாரு?"

"மேல, குருசடி முக்குல. இந்தக் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. முன்னால போற கைடு அகிலேஷு. திருப்பம் வந்தா, அவருக்க தொட்டுப் பின்னால வாற ஆளு அங்க எறங்கி, வழி காட்டி நிக்கணும். எல்லாரும் போன பொறவு கடைசி ஆள் வருவாரு. அது நிஜின். அவரு வந்தாத்தான் நகரலாம். நேத்து குருசடி முக்கு அப்பாவுக்க முறை."

"அங்கேந்து அவரா எறங்கி எங்கயாவது போயிருப்பாரோ?"

"போவ மாட்டாரு." ஜோஸ்னா கண்ணைத் துடைக்காமலே பேசினாள். "முப்பத்தி மூணு வருஷம் ரயில்வே கேட் கீப்பராக்கும். வண்டி கடந்தா போராது. கடைசிப் பெட்டிக்கப் பொறத்தால எல்.வி.ன்னு எழுதின பலகை தொங்கும். அது கண்ணுல பட்டாத்தான் வண்டி முழுசாப் போச்சுன்னு கணக்கு. எனக்க அம்மா செத்த அன்னைக்கும், மெயில் போயி அந்தப் பலகையப் பாத்த பொறவுதான் கேட்டத் தொறந்துட்டு வீட்டுக்கு வந்தாரு."

இப்படி ஒரு மனிதனைப் பற்றி இப்படிப்பட்ட இடத்தில் நின்று கேட்பது சிபிக்குப் பிடிக்கவில்லை.

"நிஜினோட பெகளம் ஏதும் உண்டா?" ஜெயபாய் கேட்டார்.

"முந்தாநாள் ராத்திரி சாப்பாட்டுக்கிடையில. அவன் கடைசில வராம எடையில பூந்து ஆளுகளோட தமாசு பேசிட்டு வந்தான். அப்பா எல்லாருக்க முன்னாலயும் ஏசினாரு. அவன், 'இது ரயில்வண்டி இல்ல பெரியவரே'ன்னு எடுத்தெறிஞ்சு பேசினான். போலீசு அதத்தான் பிடிச்சிட்டு நிக்கு. அதோட, அடுத்த திருப்பத்துல ஒரு டாக்டரம்மா நின்னாங்க. ஆரஞ்சு ஜாக்கெட்டு வந்ததப் பாத்ததா அவங்க சொல்லிட்டாங்க. கடைசி ஆளு மட்டும் போடுகது அது. அப்பம் அவன் அந்த ரோட்டுலதான இருந்தான்?"

ஜெயபாய் குடையை எடுத்துக்கொண்டார். ஸ்கூட்டரைப் பார்த்து நடந்தார். பின்னாலேயே போன சிபி, "சேச்சி, நம்ம கட்சிக்காரன் கத முடிஞ்ச மாதிரி இருக்கு," என்று முணுமுணுத்தான்.

"வண்டிய எடு."

ரோட்டோரச் சிலுவைக் கோயில் நிற்கிற குருசடி முக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் மேலே இருந்தது. நடுவில் இன்னொரு திருப்பம். அங்கே தார் ரோடு வலப்பக்கம் வளைந்து பனச்சமூட்டுக்குப் போனது, நேரே ஒரு மண்பாதை ரப்பர்த் தோட்டத்துக்குள் இறங்கிக் குழிக்கு வந்தது. டாக்டரம்மா நின்ற இடம் அதுதான். ஜெயபாய் அங்கே வண்டியை நிறுத்தச் சொல்லி இரண்டு பாதையையும் மாறி மாறிப் பார்த்தார். குழி அங்கிருந்து தெரியவில்லை, நிழலும் புல்லும்தான் தெரிந்தன.

குருசடிக்கு எதிர்வீட்டில் ஒரு பெண் ரப்பர் ஷீட்டைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். செல்லையனை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"அரை மணிக்கூர் வெயில்ல நின்னாரு. சாயா குடிக்க வாரும்னு விளிச்சேன். வண்டி இன்னும் முழுசா வரலன்னு சொன்னாரு. பைத்தியமோன்னு நெனச்சேன், கர்த்தாவே."

"எப்பம் போனாரு?"

"ஆரஞ்சு ஒண்ணு போச்சு. அது மறையுற வரைக்கும் கண்ணெடுக்காமப் பாத்தாரு. பொறவு ரோட்டுக்க அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாத்து, செருப்ப மாட்டி, வெள்ளம் குடிச்சு, பையத்தான் கெளம்பினாரு."

"ஆரஞ்சுக்குள்ள ஆரு இருந்தா?"

"ஆருக்குத் தெரியும்? தலையில சட்டி, கண்ணுல கறுப்புக் கண்ணாடி. எல்லாரும் ஒண்ணுபோலத்தான இருக்காங்க."

ஜெயபாயின் நடையில் வேகம் வந்தது. சிபிக்கு அந்த வேகம் தெரியும். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவன் வசமாக மாட்டப்போகிறான் என்று பொருள்.

உதியன்குளங்கரை, அமரவிளை என்று ஹைவேயில் பறந்து நெய்யாற்றின்கரை லாட்ஜுக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை. விருந்தினர் யாரும் ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று போலீஸ் சொல்லியிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். விடுமுறைக்கு வந்து சாவு வீட்டில் மாட்டிக்கொண்ட முகங்கள்.

முன்னால் போகும் வழிகாட்டி அகிலேஷ் சாமான் வேனுக்குப் பக்கத்தில் நின்றான். ராத்திரி தூங்காத கண்.

"காலையில நீ ஆளுகளுக்கு என்ன சொல்லுவ? அத அப்பிடியே எனக்குச் சொல்லு," என்றார் ஜெயபாய்.

அகிலேஷ் மனப்பாடமாக ஒப்பித்தான். ஹெல்மெட் வார் இழுத்து மாட்டணும். பள்ளம் கண்டால் கையைக் கீழே காட்டணும். தாகம் வரும் முன்னாலே குடிக்கணும். முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் வேனில் ஏறணும். திருப்பத்தில் நிறுத்தின ஆள், ஆரஞ்சு வரும் வரை நகரக்கூடாது.

"திருப்பத்துல ஆளே இல்லெங்கி?"

"நேரே போகணும். ஆளு நின்னாத்தான் திரும்பணும், ஆளு இல்லாத எடத்துல எப்பவும் நேரேதான். இல்லெங்கி கூட்டம் சிதறிப் போவும் அம்மா. இன்னைக்கு வரைக்கும் இது பெழச்சதே இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது போலிருந்தது. வேனின் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"ஜாக்கெட்ட எடு," என்றார் ஜெயபாய்.

செத்தவரின் சைக்கிளை எடுத்துப்போன போலீஸ் ஜாக்கெட்டை விட்டுவிட்டுப் போயிருந்தது. வேனுக்குள் ஆணியில் தொங்கியது. இரண்டு விலாவிலும் இழுத்து ஒட்டுகிற பட்டைகள். ஜெயபாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பாக்கெட்டில் கைவிட்டார். ஒன்றும் இல்லை.

"இதுல என்ன இருக்கும்?"

"ரூட் கார்டு. நேத்து வழியில பைப்புக்குக் குழி வெட்டியிருந்தாங்க. அதுனால காலையில புதுசா அச்சடிச்சு, லாமினேட் பண்ணி, எனக்கு ஒண்ணு அவனுக்கு ஒண்ணு எடுத்தேன். வேற ஆருக்கும் இல்ல. இதாக்கும்." தன்னுடையதைக் காட்டினான். மஞ்சள் அட்டை, மேலே நேற்றைய தேதி.

"நிஜினுக்கு எடை எவ்வளவு இருக்கும்?"

"அவனா? அம்பத்தி நாலு கிலோ. காத்தடிச்சா சைக்கிளப் பிடிச்சிட்டு நிப்பான்."

"எலே சிபி, இதப் போடு. பட்டையத் தொடாத."

சிபி கையை நுழைத்து, பித்தானை மாட்டி, நிமிர்ந்தான். தொப்பை மேல் துணி அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. கடைகளில் அவனுக்குச் சட்டை கிடைப்பதே அபூர்வம். சந்தோஷமாக, "சேச்சி, எனக்குன்னே தச்ச..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான்.

"ஒனக்குன்னு இல்ல," என்றார் ஜெயபாய். "ஒன்ன மாதிரி ஒருத்தனுக்கு இளக்கி விட்டிருக்கு. இங்க ஒனக்கு அண்ணன் தம்பி ஆராவது உண்டா, பாரு."

தேட வேண்டியிருக்கவில்லை. வராந்தாக் கோடியில் ஒரு பருத்த மனிதர் கையில் பழத்தை வைத்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருந்தார். பேர் அஜேஷ், நாகர்கோவில்காரர், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. ஆரஞ்சு ஜாக்கெட்டோடு சிபி பக்கத்தில் போய் நின்றதும் பழம் கீழே விழுந்தது.

"மொத நாள்லேருந்து நான்தான் மேடம் கடைசி," என்று அவர் திக்கித் திக்கிச் சொன்னார். "நிஜின் எனக்காக மெதுவா வருவான். பாட்டுப் பாடுவான். நேத்து குருசடிக்கு முன்னாடி ஒரு போன் வந்துச்சு. பத்து நிமிஷத்துல வந்துருவேன் அண்ணே, இதப் போட்டுட்டு நீங்க போய்ட்டே இருங்க, குறுக்கு வழியில முன்னால வந்து பிடிச்சிருவேன்னான். அகிலேஷுக்குத் தெரிஞ்சா வேலை போயிரும், சொல்லாதீங்கன்னான். வாக்குக் குடுத்துட்டேன். அவன் வந்து சேந்ததும் ஜாக்கெட்டக் கழத்தி வேன்ல மாட்டிட்டேன்."

"ஒரு ஆளு செத்துப்போன பொறவுமா?"

"போலீஸ் என்கிட்ட, நிஜின் உங்க கூட இருந்தானான்னுதான் கேட்டாங்க. இருந்தான்னேன். வாக்குக் குடுத்திருந்தேனே. அவனக் காப்பாத்துறதா நெனச்சேன்."

"கெடுத்தது போரும். குருசடியில பெரியவரு ஒண்ணும் கேக்கலியா? நிஜின் எங்கன்னு கேக்கலியா?"

அஜேஷ் குனிந்து விழுந்த பழத்தை எடுத்தார். "அவரு என் மூஞ்சியவே பாக்கல மேடம். ஜாக்கெட்டத்தான் பாத்தாரு. போன்னு கை காட்டினாரு. இறக்கமா இருந்துச்சு, நான் விட்டுட்டேன். ரெண்டு நாளா நிஜினத் தவிர எனக்குப் பின்னால ஒருத்தரும் வந்ததில்ல. நேத்துதான் ஒருத்தர் வந்தாரு. நான் திரும்பிக்கூடப் பாக்கல."

லாட்ஜ் வாசலில் ஜெயபாய் நின்று, சிபிக்கு விளக்குவதுபோலத் தனக்கே சொல்லிக்கொண்டார். "எல்.வி. பலகைய எந்தப் பெட்டியில மாட்டினாலும் அதாக்கும் கடைசிப் பெட்டி. அவரு பலகையப் பாத்தாரு. வண்டி முழுசாப் போச்சுன்னு நெனச்சாரு. பழக்கம் போல ரண்டு பக்கமும் பாத்துட்டு பையக் கெளம்பினாரு. அதுக்குள்ள இந்தத் தடியன் அடுத்த திருப்பத்தக் கடந்தாச்சு. ஆரஞ்சப் பாத்த டாக்டரம்மாவும் கெளம்பியாச்சு. அவரு அங்க வரும்போ திருப்பத்துல ஆள் இல்ல."

"ஆள் இல்லெங்கி நேரே," என்றான் சிபி. அந்த மண்பாதையும் புல்லும் கண்ணுக்குள் வந்தன. அந்த மனிதர் ஒரு தவறும் செய்யவில்லை. சொன்ன சட்டத்தை ஒன்று விடாமல் கடைப்பிடித்துக்கொண்டு நேரே போய் விழுந்திருக்கிறார்.

"அப்பம் கொலை இல்ல. நிஜின் தப்பிச்சான், இல்லியா சேச்சி?"

"எங்க தப்பிச்சான்? குறுக்கு வழியில வந்து குழிக்கிட்ட ஒளிச்சிருந்து தள்ளினான்னு போலீசு சொல்லும். ராத்திரி பெகளம் வேற உண்டு. அந்தப் பத்து நிமிஷம் எங்க இருந்தான்னு அவன் சொல்லணும். சொல்ல மாட்டேன்னு கெடக்கான். போன் லிஸ்டு வர நாலு நாள் ஆவும்."

"வேற வீடு ஏதும் உண்டோ என்னவோ. அந்த வயசுக்கு..." சிபி சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். காலையில் அழுத அந்தப் பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது.

பின்சியின் வீட்டைக் கண்டுபிடித்தபோது மூன்று மணி. இப்படி ஒரு இடத்தில் அந்த வீடு இருக்கும் என்று சிபி நினைக்கவில்லை. குருசடி முக்குக்கு முன்னால் ஒரு ஒற்றையடிப் பாதை, ஐந்நூறு அடி நடந்தால் ஓட்டு வீடு. வாசலிலிருந்து ரப்பருக்குள் இறங்கினால் பனச்சமூடு ரோட்டைத் தொட்டுவிடலாம்.

பின்சி பாயில் உட்கார்ந்து குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்தாள். கரண்டு இல்லை. அவள் கையில் இருந்தது விசிறி அல்ல. மஞ்சள் அட்டை. நேற்றைய தேதி.

சிபி அதைப் பார்த்தான். ஜெயபாய் அவனுக்கு முன்னாலேயே பார்த்திருந்தார்.

"மக்கா, காலையில எனக்கிட்ட என்ன சொன்ன? கெட்டியவன் வேலைக்குப் போயி மூணு நாளாச்சு, வீட்டுப் பக்கமே வரலன்னு சொன்ன."

பின்சியின் கை நின்றது. அட்டையை அவள் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"பத்து நிமிஷம்தான் அக்கா. வெளிய தெரிஞ்சா வேலை போவும்னு சொன்னாரு, அதாக்கும் மறைச்சேன். அதுக்கும் இதுக்கும் என்ன? அவரு இங்கதான இருந்தாரு, எப்பிடித் தள்ளியிருப்பாரு? அத நான் சொன்னா விடமாட்டாங்களா?"

"எதுக்கு வந்தான்?"

"நான் விளிச்சேன்." குழந்தையைத் தொட்டாள். "மல்லாந்து கெடந்தவன், இவன் கமந்து விழுந்தான். மொதல் தடவ. அவரு இந்த வழி போறாருன்னு தெரியும். ஓடி வந்து பாத்துட்டுப் போங்கன்னேன். வந்தாரு. இவன் பின்னயும் கமந்தான், அவரு கெடந்து சிரிச்சாரு. ஒரு கிளாஸ் வெள்ளம் குடிச்சிட்டுப் போயிட்டாரு. அவ்வளவாக்கும்."

ஜெயபாய் பாயில் உட்கார்ந்தார். முழங்கால் வலிக்காரர், தரையில் உட்காருவதே இல்லை. மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். ஜாக்கெட்டை யாரிடம் கொடுத்தான், பெரியவர் எதைப் பார்த்தார், அடுத்த திருப்பத்தில் ஏன் ஆள் இல்லை. சிபி வாசல்படியில் நின்று ரப்பர் மரங்களை எண்ணினான். கேட்கக் கூடாது என்று நினைத்தும் எல்லாம் கேட்டது. இந்தத் தொழிலுக்கு வந்ததற்காக அவன் வெட்கப்பட்டது அன்றைக்கு ஒருநாள்தான்.

பின்சி கேட்டாள். "அவருக்குத் தெரியுமா இது?"

"ஆளக் காணலன்னு தேடிப் போனப்பவே அவனுக்கு வெளங்கியிருக்கும். அவனாக்கும் மொதல்ல குழிக்கிட்ட போனது."

"பின்ன ஏன் சொல்லாம இருக்காரு? கொலைக் கேஸு எழுதுகாங்களே."

"சொன்னா, எங்க போனேன்னு சொல்லணும். ஆரு விளிச்சான்னு சொல்லணும்." ஜெயபாய் குழந்தையின் காலைத் தொட்டார். "ஒனக்குத் தெரியாண்டாம்னு இருக்கான் மக்கா. வேற ஒண்ணும் இல்ல."

பின்சி அழவில்லை. காலையில் அழுத அழுகைக்கே அர்த்தம் மாறிப்போய்விட்டதுபோல் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து குழந்தைக்குச் சட்டை மாட்டினாள்.

"நான் சொன்னா விட்டுருவாங்களா?"

"கொலை நிக்காது. கவனக்குறைவுன்னு வேற கேஸ் வரும். அதுக்கு ஜாமீன் உண்டு. ஆனா நீ சொல்லணும்."

ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போனார்கள். டிரைவர் என்ன விசேஷம் என்று கேட்டான். சிபி எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பவன், அன்றைக்கு ரோட்டைப் பாரு என்று மட்டும் சொன்னான்.

ஸ்டேஷன் பெஞ்சில் ஜோஸ்னா உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் உடலை வாங்கக் கையெழுத்துப் போட வந்தவள். பின்சியை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை. எழுத்தர் பேனாவை எடுத்துக்கொண்டு யார், என்ன வேணும் என்றார். பின்சி அவர் மேஜைப் பக்கம் போகவில்லை. நேராக வந்து பெஞ்சுக்கு முன்னால் நின்றாள்.

"நிஜினுக்க பொஞ்சாதி நான். அவரு நேத்து வீட்டுக்கு வந்தாரு. அதுனாலதான் உங்க அப்பா..." குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். "நானாக்கும் விளிச்சது. கொச்சுப்பிள்ள கமந்து விழுந்தான்னு. தள்ளல. நான் விளிச்சேன், அவரு வந்தாரு."

எழுத்தர் ஜெயபாயைப் பார்த்தார். ஜெயபாய் எழுதச் சொல்லித் தலையசைத்தார்.

ஜோஸ்னாவின் முகத்தில் என்ன வருமோ என்று சிபி பயந்தான். அடிப்பாள் என்று நினைத்து ஒரு எட்டு முன்னால் வந்தான். அவள் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னது எல்லாம் அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"எத்தன மாசம்?" என்றாள்.

"நாலு."

ஜோஸ்னா சுவர் பக்கம் திரும்பி முகத்தை மூடிக்கொண்டாள். அப்பாவைப் பற்றிப் பேசும்போது வராத அழுகை அப்போது வந்தது. குழந்தை எதற்கோ சத்தம் போட்டுச் சிரித்தது.

உள்ளே லாக்கப்பில் யாரோ எழுந்து கம்பிக்கு ஓடி வருகிற சத்தம் கேட்டது. நேற்று ராத்திரியிலிருந்து எத்தனை கேட்டும் ஒரு சொல் சொல்லாதவனின் குரல்.

"பின்சி, நீ வீட்டுக்குப் போ. அவங்க கேட்டா ஒண்ணும் சொல்லாத. கேட்டியா?"

"சொல்லியாச்சு," என்றாள் பின்சி.